பணிவும் மறுப்பும்

வீட்டிற்கு வந்த உறவினரின் மடியில் அமர மறுக்கிறது ஐந்து வயதுக் குழந்தை. "பெரியவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும்" என்று தாய் கண்டிக்கிறாள்; குழந்தை போகிறது. அன்று தவறேதும் நிகழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எனினும் ஒரு பாடம் நடந்துவிட்டது. தன் உடலைப் பற்றிய தன் விருப்பத்தைவிடப் பெரியவரின் விருப்பமே உயர்ந்தது என்பது அந்தப் பாடம்.

பணிவு நற்குணம்தான். ஆனால் விவேகம் நீங்கிய பணிவு நற்குணமாகுமா? தந்தை சொல்லுக்கு இணங்காத பிரகலாதனின் கதையைக் குழந்தைகளுக்கு மகிழ்ச்சியுடன் சொல்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை 'மாட்டேன்' என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம்!

மத்திய அரசு 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளில் 53 சதவீதத்தினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண்பிள்ளைகளும் இதில் குறைவில்லை. கொடுமை இழைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. 'முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே' என்ற எச்சரிக்கை இங்கே எவ்வளவு தூரம் உதவும்?

இவற்றையெல்லாம் சொன்னால் பிஞ்சு மனம் கெட்டுவிடாதா என்பது பெற்றோரின் அச்சம். கள்ளமின்மை வேறு, அறியாமை வேறு. தீயவன் பயன்படுத்திக்கொள்வது அறியாமையையே. தன் உறுப்புகளின் பெயரறியாத குழந்தை, நேர்ந்ததைச் சொல்ல வார்த்தையின்றித் தவிக்கும்.

பள்ளிகளில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று ஆண்டுக்கொருமுறை சொல்லிக் கடமையை முடித்துவிடுகின்றனர். அன்பாகப் பழகும் ஒருவரின் தொடுதலைக் 'கெட்டது' என்று குழந்தை எப்படி இனங்காணும்? 'இதை அம்மாவிடம் சொல்லாதே' என்று எவர் கூறினாலும் அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று கற்பிப்பது இன்னும் தெளிவானது. சிறு குழந்தைக்கும் புரியும்.

ஆனால் காக்கும் பொறுப்பு குழந்தையினுடையதன்று. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குற்றமாக்கியுள்ளது. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடிமறைப்பவருக்கும் இது பொருந்தும். 1098 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

குழந்தைகள் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. "இனி அந்த டியூஷனுக்குப் போக மாட்டேன்" என்று மட்டும் சொல்லும். "படிக்கச் சோம்பல்" என்று தந்தை பையை எடுத்துக் கையில் கொடுப்பார்.