படுக்கையருகே யார்?

அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: “அத்தை, 1984 முடிச்சிட்டேன். இதே மாதிரி அடுத்து எதை வாசிக்கட்டும்?” எல்லாம் கெட்டுப்போன வருங்காலத்தைச் சொல்லும் நாவல் அவளுக்கு வேண்டும். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒவ்வொரு தவக்காலத்துக்கும் இந்த வகையில் ஒரே ஒரு நாவலை எடுத்து, நாற்பது நாளில் முடிப்பது என் வழக்கம். தவக்காலத்தில் ஏனம்மா இந்த இருட்டு என்று எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டார். இயேசுவின் பாடுகளை வாசிப்பதும் அந்த நாற்பது நாளில்தானே சாமி என்றேன்.

நான் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் கடைசிப் பதினான்கு வருடம் புற்றுநோய் முற்றியவர்களின் வார்டு. அதனால் எந்த நாவலைப் பிரித்தாலும் என் கண் ஒன்றைத்தான் தேடும்: இந்த ஊரில் வலியை என்ன செய்கிறார்கள்?

1984இன் முடிவில் நாயகன் வின்ஸ்டன், தன்னைச் சித்திரவதை செய்யக் கொண்டுவந்த எலிக்கூண்டைக் கண்டதும், இதைத் தன் காதலி ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று அலறுகிறான். அவன் கோழை என்று அண்ணன் மகள் சொன்னாள். எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் வார்டில் ஒரு கொத்தனார் இருந்தார், தாடையில் புற்று. வலி ஏறினால் பெற்ற மகனையே வெளியே போகச் சொல்லிக் கத்துவார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் கொடுக்க ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாதியில் நின்ற வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். வலி அன்பை முறிக்கும். அதைப் பாவக் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். துன்பம் ஆண்டவர் அனுப்பும் பரிசு என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கொத்தனாரின் முகம் என் முன்னால் வரும்.

அப்படியானால் வலியே இல்லாத உலகம் நல்லதுதானே? ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ என்னை நிறுத்தியது இந்த இடத்தில்தான். சோமா என்ற மாத்திரை. விழுங்கினால் கவலை இல்லை. அந்த நாட்டில் சாகிறவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. கட்டிலுக்குக் கட்டில் டெலிவிஷன், நறுமணம், இசை. லிண்டா அங்கே சோமா மயக்கத்தில் கிடக்கிறாள். அவள் செத்ததும் மகன் ஜான் கட்டிலருகே மண்டியிட்டு அழுகிறான். சாவைச் சாதாரணமாகப் பார்க்கப் பழகிக்கொள்ளட்டும் என்று கூட்டிவரப்பட்ட பிள்ளைகள் அங்கே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அழுகை பிள்ளைகளின் பயிற்சியைக் கெடுத்துவிடுமே என்பதுதான் நர்ஸின் பதற்றம். அந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் செய்ததும் நான் செய்த வேலைதான். ஆனால் நாங்கள் கொடுத்த மார்பின் அந்தக் கொத்தனாரை மகனிடம் திருப்பித் தந்தது. சோமா லிண்டாவை ஜானிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அதே நாவலில் பின்னால், ஆளுநர் முஸ்தபா மாண்டிடம் ஜான் கடவுளையும் கவிதையையும் ஆபத்தையும் கேட்கிறான். அப்படியென்றால் முதுமையும் புற்றுநோயும் பசியும் சேர்ந்தே வருமே என்கிறார் மாண்ட். எல்லாம் வேண்டும் என்கிறான் ஜான். நெஞ்சைத் தொடும் இடம்தான். ஆனாலும் ஜானோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. புற்றுநோயைக் கேட்டு வாங்கும் அளவுக்கு அது புனிதம் இல்லை. பைபிளில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் வாய் திறந்து பேசிய பேச்சையெல்லாம் ஆண்டவர் கண்டிக்கிறார். அதற்கு முன்னால் ஏழு நாள், இரவும் பகலும், யோபுவோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். மாண்டின் ஆஸ்பத்திரியில் அப்படி உட்காருவதற்குத்தான் இடமில்லை.

போன தவக்காலத்தில் வால்டர் மில்லரின் ‘எ கேன்டிகிள் ஃபார் லெய்போவிட்ஸ்’. இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்க விமானப் படையில் இருந்தார்; 1944இல் இத்தாலியின் மோன்டே காசினோ மடத்தின்மேல் குண்டு போட்ட தாக்குதலில் பங்கெடுத்தார். போருக்குப் பின் கத்தோலிக்கரானார். நாவலின் கடைசிப் பகுதியில், அணுக்குண்டில் வெந்துபோன தாயும் குழந்தையும். வலியில்லாமல் சாகடிக்கும் முகாமுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். கூடாது என்று மடாதிபதி ஸெர்க்கி மன்றாடுகிறார், கடைசியில் டாக்டரை அடித்தும் விடுகிறார். மடாதிபதியின் கொள்கைதான் என் கொள்கையும். ஆனால் அந்தக் குழந்தையின் வலிக்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. வெறும் கொள்கையோடு ஒரு கட்டிலருகே நிற்க என்னால் முடிந்திருக்காது.

இந்த வருடத்துக்கு ஆக்டேவியா பட்லர் 1993இல் வெளியிட்ட ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ என்று முடிவு செய்துவிட்டேன். கதை 2024இல், கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. லாரன் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகள். அடுத்தவர் வலியைக் கண்ணால் பார்த்தாலே அது அவள் உடம்பிலும் வலிக்கும். அப்பாவின் கடவுளை விட்டுவிட்டு, மாற்றமே கடவுள் என்று அவள் ஒரு மார்க்கம் தொடங்குகிறாளாம். அதில் அவளோடு எனக்குச் சண்டை வரும். வரட்டும். வலியை அழிக்காமலும் புகழாமலும் பங்கு வாங்கிக்கொள்ளும் ஒருத்தியை இந்த நாவல்களில் நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் மகளுக்கு நேற்று பதில் சொன்னேன்: “முதல்ல ஹக்ஸ்லியை வாசி, அப்புறம் மில்லர். பட்லரை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிப்போம்.” இரண்டு பிரதிகள் வந்துவிட்டன. திருநீற்றுப் புதன் அன்று தொடங்குகிறோம்.