காயத்தின் மேல் வைத்த கை



லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வருகிற சமாரியர் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். தம் விலங்கின் மேல் ஏற்றினார். அந்த விலங்கைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. அடிபட்டவரைச் சத்திரம் வரை சுமந்தது அதுதானே! வழியில் அதன் காலும் கிழிந்திருந்தால் அவர் விட்டுவிட்டுப் போயிருப்பாரா?

நம் பக்கத்துச் சவாரி மாடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு முட்கம்பி போதும், கால் கிழிந்துவிடும். இரத்தத்தைக் கண்டதும் மஞ்சளையும் கோப்பித்தூளையும் அள்ளி அப்புகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் காயத்துக்குள் அழுக்கையல்லவா தள்ளுகிறோம்.

ஒருவர் கயிற்றைப் பிடித்துப் பெயர் சொல்லித் தேற்றட்டும். மற்றவர் பின்னால் நிற்காமல் தோள்பக்கமாக நெருங்கட்டும். தோய்த்துக் காயவைத்த துணியை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்துங்கள். 10 நிமிடம் கையை எடுக்காதீர்கள். நின்றுவிட்டதா என்று விலக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி பெருகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். பிறகு இறுக்கிக் கட்டுங்கள். குத்திய கம்பி உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள். சிவந்த இரத்தம் பீய்ச்சி அடித்தால் நாடி அறுந்திருக்கிறது. ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். அந்தப் 10 நிமிடம் அசையாத கையும் செபம்தான் என்று நான் நம்புகிறேன்.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளை இப்படி நெருங்க முடியாது. காயத்தோடு ஒன்றைக் கண்டால் துரத்தாதீர்கள். ஓட ஓட இரத்தம் கூடும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள். சிறு காயத்திலிருந்தும் குதிரைக்கு ஏற்புநோய் வரும். மாட்டைவிட அதை எளிதில் பிடிக்கும்.

இரக்கத்துக்கு அறிவும் வேண்டும். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இந்த வட்டுக்கோட்டையில் பணியைத் தொடங்கி, பின் மானிப்பாய்க்குப் போனார். 'இரண வைத்தியம்' என்று அறுவை மருத்துவத்தைத் தமிழில் தந்தார். காயத்தைக் கட்டும் முறையை நம் பிள்ளைகள் தாய்மொழியில் படித்தார்கள். அவர் பணி தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு நாம் கோப்பித்தூளைத் தேடலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் சுத்தமான துணி நாலைந்தைப் பையில் போட்டு, மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணையும் எழுதி, தொழுவத்தில் கைக்கு எட்டுமிடத்தில் தொங்கவிடுங்கள்.