ஒரு கார்டு போடுங்கள்

தி.க.சி. என்று எழுத்துலகம் அழைத்த தி.க. சிவசங்கரன், திருநெல்வேலி டவுனில் சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்தவர். 1925-இல் பிறந்தார். சில ஆண்டுகள் ‘தாமரை’ இதழின் ஆசிரியப் பொறுப்பு, சென்னையில் சோவியத் செய்தித் துறையில் வேலை, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பல், 2000-இல் சாகித்திய அகாதெமி விருது, 2014 மார்ச்சில் மறைவு. அவரை நினைவுகூர்கிறவர்கள் முதலில் எடுப்பது இவற்றில் எதையும் அல்ல. “எனக்கு அவர் கார்டு போட்டிருக்கிறார்” என்பதைத்தான்.

ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த கதையோ கவிதையோ மனசுக்குப் பிடித்துவிட்டால் எழுதியவருக்கு ஓர் அஞ்சலட்டை போய்விடும். எழுதியவர் பெயர் பெற்றவரா, முதல் கதையை அச்சில் பார்த்தவரா என்பது தி.க.சி.க்குப் பொருட்டில்லை. முதுமையிலும் இது நிற்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் அந்த அட்டையின் விலை 50 பைசா.

திருநெல்வேலியின் பொருநைக் கரைக்கு இப்படிக் கடிதம் எழுதுவது புதிதில்லை. வண்ணார்பேட்டை வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனைச் சுவைத்த ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணனும் இளம் எழுத்தாளர்களுக்குச் சளைக்காமல் எழுதியவர். தி.க.சி.யின் மகன் வண்ணதாசனின் கடிதங்களும் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தொகுப்பாகின. இவர்களில் எவரும் ‘பழக்கத்தை வளர்த்துக்கொள்வது எப்படி’ என்று உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாம் யோசிக்கிறோம், நாள் எண்ணுகிறோம். இருபத்தொரு நாள் செய்தால் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கை, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய லண்டன் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கு அது அறுந்த அன்று எல்லாமே போய்விட்டதாகத் தோன்றும். தொடர்ந்து முப்பது நாள் நடந்தவர் முப்பத்தோராம் நாள் மழை பெய்ததும் செருப்பைத் தூக்கிப் பரணில் போடுவது அதனால்தான். ‘நான் முன்னேற வேண்டும்’ என்று நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட வாக்கை, களைத்துப்போன ஒரு மாலையில் நமக்கு நாமே தள்ளுபடி செய்துகொள்வது மிகவும் சுலபம். கேட்க ஆளில்லை.

கார்டுக்கோ, அதைப் பெற ஒருவர் இருக்கிறார். அது வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது, தி.க.சி.யை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் முதல் கதை அச்சில் வந்த பிறகு ‘யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா’ என்று ஏங்கிக்கிடக்கும் நாள்கள் எப்படிப்பட்டவை என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஓர் இதழை நடத்தியவருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அந்த ஏக்கம் கண்ணில் பட்டுவிட்டால் நாள் கணக்கு தேவையில்லை. நேற்று விட்டுப்போயிருந்தாலும் அந்த ஆள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அட்டை சிறியதாக இருந்ததும் உதவியது. நான்கு பக்கம் எழுத வேண்டும் என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடத் தோன்றும். பத்து வரிக்குத் தள்ளிப்போடக் காரணம் கிடைக்காது. அந்தப் பத்து வரியும் உண்மையாக இருக்க வேண்டுமானால், கதையில் எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல, பென்சிலோடு மறுபடி படிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் படிக்கிறவரின் கண் கூர்மையாகாமல் என்ன செய்யும்? பிறரை ஊக்கப்படுத்தப் போட்ட கார்டுகள், போட்டவரையே தேர்ந்த வாசகராக்கும். தி.க.சி.க்கு விருது வாங்கித் தந்ததும் விமர்சனங்களும் மதிப்புரைகளும் பேட்டிகளும் அடங்கிய நூல்தான். ஆளுமை வளர்ச்சி என்று இன்று வகுப்பெடுத்துச் சொல்லித்தருகிறார்களே, அவரிடம் அது பிறர்மேல் வைத்த அக்கறையின் உடன்விளைவாகவே வந்தது என்பது என் துணிபு. தன்னையே குறியாக வைத்துத் தொடங்கும் பழக்கங்கள் பெரும்பாலும் பாதி வழியில் உதிர்ந்துபோவதையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன்.

நடைப்பயிற்சி தொடங்க நினைக்கிறீர்களா? துணைக்கு ஆள் தேடும் அடுத்த வீட்டுத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தினமும் படிக்க வேண்டுமா? வீட்டுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த வாரம் நீங்கள் படித்ததில் உங்களுக்குப் பிடித்தது எது? அதை எழுதியவருக்கு, எந்த இடம் பிடித்தது என்று குறிப்பிட்டு, இன்றைக்கே நாலு வரி எழுதி அனுப்புங்கள். கார்டு கைவசம் இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள்.