எட்ட நின்று பார்த்தல்

திண்டுக்கல்லில் கடல் இல்லை, பூட்டு உண்டு. அரையாண்டு விடுமுறை விட்டதும் அந்தப் பூட்டைக் கதவில் மாட்டிவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் புறப்பட்டு விடுகிறார்கள். சிலர் கொடைக்கானல் மலை ஏறுகிறார்கள். சிலர் கடலைத் தேடிப் போகிறார்கள். ஆண்டு முழுவதும் கடையிலும் கணக்கிலும் குனிந்து கிடந்த முதுகு நான்கு நாட்கள் நிமிர ஆசைப்படுவதில் தவறென்ன? உழைக்கிறவனுக்கு ஓய்வு உரிமை. அதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயம் வேறு. நாம் இளைப்பாறப் போகும் இடத்தில் நமக்கு முன்பே வந்து இளைப்பாறிக் கொண்டிருக்கும் உயிர்களுக்கும் அந்த உரிமை உண்டா, இல்லையா?

வணிகரான என் நண்பர் ஒருவர் தை மாதத்தில் பிச்சாவரம் சென்று வந்தார். கடலோரக் குடில் ஒன்றில் மூன்று நாள் தங்கல். ஒருவர் மட்டும் அமரக்கூடிய ‘கயாக்’ என்ற சிறு படகில், சுரபுன்னை மரங்களுக்கு நடுவே துடுப்புப் போட்டுப் போயிருக்கிறார். “அந்த அமைதியை எப்படிச் சொல்வேன் சார்! ஓசையே இல்லாமல் பறவைக் கூட்டத்துக்கு அருகிலேயே போய்விட்டேன். அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன பாருங்கள், அதுதான் காட்சி!” என்றார். அவர் முகத்தில் ஒரு குழந்தையின் மகிழ்ச்சி இருந்தது. ஆனால், அவர் காட்சி என்று சொன்னதைப் பறவைகள் என்னவென்று சொல்லும்?

பிச்சாவரத்துக்கும் கோடிக்கரைக்கும் பனிக்காலத்தில் வரும் உள்ளான் இனங்களில் சில, 30 கிராம் அளவே எடையுள்ளவை. வடதுருவத்தை ஒட்டிய பனிவெளிகளில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுக் கரைக்கு வருகின்றன. திரும்பிப் போவதற்கு அவற்றிடம் உள்ள வழிச்செலவு உடம்பில் சேரும் கொழுப்பு ஒன்றுதான். சேற்றில் மேய்ந்து தேடிய அந்தச் சேமிப்பு, அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைகிறது. நமக்குப் பொழுதுபோக்கு, அதற்குப் பயணச் செலவில் ஒரு திருட்டு.

“நான் கல்லெறியவில்லையே? அன்போடு பார்த்தேன், அவ்வளவுதானே?” என்றார் நண்பர். அவர் அன்பு பொய்யல்ல. ஆனால் கயாக் என்பது வடதுருவ மக்கள் கடல்நாயை வேட்டையாடக் கண்டுபிடித்த படகு. ஓசையின்றி நெருங்குவதுதான் அதன் பயன். ஈட்டி இருந்த இடத்தில் இன்று கேமரா இருக்கிறது. இந்த மாறுதல் நமக்குத் தெரியும், பறவைக்குத் தெரியாது. நம் உள்ளத்தைப் படிக்க அதற்கு வழியில்லை. நாம் நிற்கும் தூரம் ஒன்றைத்தான் அதனால் படிக்க முடியும். நல்லெண்ணம் நமக்குள் இருந்தால் மட்டும் போதாது. எதிரே இருப்பவருக்குப் புரியும் மொழியில் அது வெளிப்பட வேண்டும். பறவையிடம் அந்த மொழியின் பெயர் தூரம்.

அப்படியானால் யாரும் எதையும் பார்க்கவே கூடாதா? அப்படிச் சொல்வது எளிது, அது சரியல்ல. பார்க்காத ஒன்றை யார் காப்பாற்ற முன்வருவார்கள்? கோடிக்கரையில் வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயம் அமைந்தது என்றால், அவற்றைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்கள் இருந்ததால்தான். கதை எழுதுகிறவனுக்கும் பிறர் வாழ்வைப் பார்ப்பதே தொழில். அதனால் பார்வையை நான் பழிக்க மாட்டேன். பார்க்கிறவனுக்கு ஒரு கடமை உண்டு என்றுதான் சொல்கிறேன். தன் வரவால் அந்த வாழ்வு கலையத் தொடங்கும் கணத்தில் அவன் நின்றுவிட வேண்டும். மேயும் பறவை தலை தூக்கி அசையாமல் நின்றால் அதுவே எல்லைக் கோடு. துடுப்பை மடியில் வைத்துவிடலாம். அது மறுபடி குனிந்து மேயத் தொடங்குவதைக் காண்பதும் ஒரு காட்சிதான். படமாக எடுத்தால் அதில் ஒன்றும் இராது. ஆனால் ஓர் உயிர் நம்மை நம்பிய கணம் அது.

இந்தப் பாடத்தைப் படிக்கக் கடலுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. எங்கள் மாவட்டத்துப் புதர்க்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. “தேவாங்கு மாதிரி விழிக்கிறான்” என்று ஏசுவதற்கு மட்டுமே நாம் பயன்படுத்திய பெயர். மருந்து என்றும் மாந்திரீகம் என்றும் சொல்லி அதைப் பிடித்தவர்கள் உண்டு. 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது.

தேவாங்கு இரவில் நடமாடும் பிராணி. இருட்டுக்கென்றே அமைந்த பெரிய கண்கள் அதற்கு. நாம் டார்ச் அடித்தால் அந்தக் கண்கள் நெருப்புத் துண்டுகளாக மின்னும்; நாம் வியந்து நிற்போம். ஆனால் நாம் அதைப் பார்க்கும் அந்தச் சமயத்தில் அதற்குக் கண் தெரியாது. அதனால்தான் அதைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் மங்கிய சிவப்பு விளக்கைக் கொண்டு போகிறார்கள். தங்களுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் சரி, அதற்கு இருட்டு இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

கொஞ்சம் குறைவாகப் பார்ப்பதற்கு இணங்குகிற மனம், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாலும் இளைப்பாறும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் அருகில் போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்று துடிக்கிற மனத்துக்குக் கடற்கரையும் ஒரு கடைத்தெருதான்.