தடுப்பதும் கொடுப்பதும்

பேரிகையிலிருந்து மாலூர் செல்லும் சாலையில் தமிழ்நாடு எவ்விடத்தில் முடிகிறது என்று, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் காய்கறி வியாபாரியைக் கேட்டால், அவர் சிரித்துக்கொள்வார். ஆயினும் 2008-இல், எல்லையோரக் காவிரிக்கரை ஊரான ஒகேனக்கல் தங்களுடையதே என்று கர்நாடகத்தில் கிளர்ச்சி மூண்டு, பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நிறுத்தப்பட்டு, பஸ் போக்குவரத்தும் தடைப்பட்டபோது, பகிஷ்காரம் என்னும் ஆயுதம் மந்திரிகளையன்றி அன்றாடங்காய்ச்சிகளையே தாக்கும் என்பது விளங்கிற்று.

அந்நியத் துணியைக் கொளுத்தச் சொன்ன காந்தியடிகளுக்கும், உடுக்கத் துணியற்றோர் நாட்டில் அது தர்மமாகுமா என்று ஐயுற்ற தாகூருக்கும் 1921-இல் எழுந்த விவாதம் இதுவே; என் மனம், சற்றுத் தயக்கத்தோடு, தாகூர் பக்கம் சாய்கிறது. காந்தியடிகளாவது விரதத்தின் பாரத்தைத் தாமே சுமந்தார். பந்த் நடத்துவோரோ அதைப் பிறர் தலையில் ஏற்றுகிறார்கள்.

தடுப்பது இப்படியென்றால், கொடுப்பதாகிய சகாயமும் சர்வரோக நிவாரணியன்று. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் உருவாகி 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லில் கறை படிந்து எலும்பு நொந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்குக் காவிரியைக் கொணர்ந்தது. எல்லை வழக்கை அது தீர்க்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் எல்லைக் கல்லைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகந்தான்.