நாடி வந்தவர் தாழ்ந்தவரா?

துயர் தீர்க்குமாறு நாடி வந்தவர், அதனைக் கேட்பவருக்குச் சமமானவரா? 1957ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் இதைப் பற்றி உளநூலறிஞர் கார்ல் ரோஜர்ஸிடம் வாதித்தார்.

ரோஜர்ஸ் ‘நோயாளி’ என்னும் சொல்லையே விலக்கியவர். வந்தவரை நிபந்தனையின்றி மதித்து, அவர் நிற்கும் இடத்தில் தாமும் நின்று கேட்டால், மாறும் ஆற்றல் அவரிடமிருந்தே வெளிப்படும் என்பது அவர் கொள்கை. உள்ளம் மாறும் அக்கணத்தில் இருவரும் சமமே என்றார். பூபர் இணங்கவில்லை. ஒருவர் உதவி தேடி வந்திருக்கிறார், மற்றவர் அவ்வாறு வரவில்லை. எனவே நிலைமை சமமன்று என்றார்.

நிலைமையைப் பற்றிப் பூபர் சொன்னது மெய்யே. கட்டணம் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் அன்றோ! ஆயினும் நாம் ரோஜர்ஸ் பக்கமே சாய்கிறோம். தாம் தாழ்வாக எண்ணப்படுவதை உணர்ந்த மாத்திரத்தில், துயருற்றவர் நெஞ்சிலுள்ளதை மறைத்துக்கொள்கிறார். இதனை அறிய நமக்கு உளநூல் தேவைப்படவில்லை.