புதைத்தால் பொறுப்புத் தீருமா?

தீங்கொன்றைக் கண்ணுக்கு மறைத்துவிட்டால் அதன் பொறுப்பும் நீங்கிவிடுமா? கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் சேமிக்கும் ஆராய்ச்சி இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

வட கடலின் ஸ்லைப்னர் வயலில், எரிவாயுவோடு கலந்து வரும் கரியமில வாயுவைப் பிரித்துக் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தும் பணியை நார்வே நாட்டார் 1996இல் தொடங்கினர். 1991இல் அந்நாட்டரசு விதித்த கரிவரியே அதற்குத் தூண்டுகோல். 800 மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கும் அது மேலெழாதவாறு களிப்பாறை தடுத்து நிற்கிறது. எனினும் அதனை இடையறாது கண்காணித்தாக வேண்டும்.

நாளை அக்காவல் யாருக்கு? பிறவாத தலைமுறைக்கு. ஏற்பவர் இசைவின்றி ஒப்படைக்கும் பொருள் அமானிதமாகாது, அது சுமையே.

ஐஸ்லாந்து அறிஞர்களோ 2012இல் அவ்வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தனர். இரண்டாண்டுக்குள் 95 விழுக்காட்டுக்கு மேல் கல்லாயிற்று என 2016இல் அறிவித்தனர். கல்லுக்குக் காவல் வேண்டுவதில்லை. பின்வருவோர் சுமையைக் குறைப்பதே இவ்வாராய்ச்சியின் அறம் என்போம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஸ்லைப்னரில் புதைவது கலந்து வந்த வாயு மட்டுமே; விற்ற எரிவாயு எரிந்து வெளிவிடுவது வானில்தான் சேர்கிறது. புதைத்தல் பரிகாரமாகலாம், மேலும் எரிப்பதற்கு அனுமதியாகாது.